கதவு கனத்துக்கு ஒரு பலகை

கடக். கடக். கடக்.

விளக்கு வைத்து வெகுநேரமாகி, மேட்டுத்தெரு முழுக்க அடங்கிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். யாரோ அவசரமே இல்லாமல், எலும்பை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. தெருமுனையில் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு சரியாக அவள் வீட்டு வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் மறுபடி கேட்டது.

அவள் எழுந்துபோய்க் கதவின் குறுக்குக் கட்டை ஒழுங்காக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கள்ளிவிளையில் அவர்கள் குடியிருந்த வீடு ஒரு காலத்தில் கருப்பட்டி குடோனாக இருந்தது. அதனால் வாசலுக்கு இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஒரு கட்டில் கனம். உள்பக்கம் இரண்டு கதவிலும் இரும்பு வளையம் உண்டு. அதற்குள் பூவரசங்கட்டையைக் குறுக்கே செருகினால் ‘டொக்’ என்று போய் உட்காரும். அந்த ‘டொக்’ கேட்டால்தான் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் வரும். கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே வார்டன் சிஸ்டர் ராத்திரி பெரிய கதவைத் தாழ் போடுகிற சத்தம்தான் அத்தனை பிள்ளைகளுக்கும் தாலாட்டு. இப்போது கைப்பிள்ளைக்காரி வேறு. பிள்ளை பிறந்ததிலிருந்து பல்லி சத்தத்துக்குக்கூட அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

வாசலில் சத்தம் நின்றது. யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டினால்கூடப் பயம் குறைந்திருக்கும். அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள். பதற்றத்தில் செபம் நடுவிலிருந்துதான் வந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால், வாசலில் அவர்கள் வீட்டு வெள்ளைக் காரேதான் நிற்கிறது. உள்ளே மூன்று பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் புருஷன் லாசர், அவனுக்கு அண்ணன் மிக்கேல், தம்பி ராயப்பன்.

“ஏங்க, இறங்கி வராம என்ன செய்யிறீங்க?”

லாசர் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான். “மெதுவாப் பேசு ஜெசி. ஒரு கள்ளன் பின்னாலயே வந்திருக்கான்.”

“யாரு?”

“முகம் தெரியல. நாங்க நேரா வந்தா சும்மா வாரான். திரும்பினா கடகடன்னு வாரான். நின்னா அவனும் நிக்கான்.”

“அறிவுள்ள கள்ளன்” என்றார் மிக்கேல் பின்சீட்டிலிருந்து.

மூன்று பேரும் அன்று காரிலேயே தூங்கினார்கள். கள்ளனும் தூங்கிவிட்டான் போலிருக்கிறது, விடியும்வரை சத்தம் இல்லை.

அண்ணன் தம்பி மூவருக்கும் பந்தல் கான்டிராக்ட் தொழில். கள்ளிவிளையில் வேறு பந்தல்காரர் கிடையாது. மிக்கேலுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம். “மாப்பிள்ளையா நான் மேடையில உக்காந்துட்டா என் கல்யாணத்துக்கு யாருலே பந்தல் போடுவா?” என்று கேட்பார். 

காலையில் மெக்கானிக் தேவசகாயம் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். அவர் மகளின் புது வீட்டுப் பால்காய்ப்புக்காக மதுரைக்குப் போயிருந்தார்.

“திரும்பும்போது மட்டும்தான் சத்தமா?” என்று கேட்டார் அண்ணாச்சி. “அப்ப கள்ளனும் இல்ல, கிள்ளனும் இல்ல. ஆக்சில் தேஞ்சிருக்கும். நான் வார வரைக்கும் ரொம்பத் திருப்பாம ஓட்டுங்க.”

அவர்கள் ரொம்ப என்ன, கொஞ்சம்கூடத் திருப்பவில்லை. அன்றைக்குப் பந்தல் போட வேண்டிய கல்யாண வீடு ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. குறுக்குத் தெருவுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே நேராகவே போய், ரோடு எங்கே முடிந்ததோ அங்கே இருந்த வீட்டு வாசலில் பந்தலைப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு குமாஸ்தா மட்டும்தான் இருந்தார். மத்தியானத் தூக்கம் கலைந்து வெளியே வந்தவர், வாழைமரத்தையும் தோரணத்தையும் பார்த்துவிட்டு, “பொண்ணு யாரு?” என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வரும்போது காரைத் திருப்ப முடியாதே. ஆகவே பத்து கிலோமீட்டரும் ரிவர்ஸிலேயே வந்தார்கள். மூன்று பேருக்கும் கழுத்து பின்பக்கமாகவே நின்றுவிட்டது. அதோடு கடைசியில் வாசலுக்கு ஒரு திருப்பம் இருக்கிறதல்லவா? கடக், கடக், கடக்.

பிள்ளை வீறிட்டு எழுந்தது.

“இந்தா பாருங்க” என்றாள் ஜெசிந்தா, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. “இன்னொரு ராத்திரி இந்தச் சத்தம் வாசல்ல கேட்டுச்சு, பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

லாசருக்கு முகம் செத்துப்போயிற்று. அவன் முட்டாள்தான். ஆனால் பெண்டாட்டி பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிற முட்டாள்.

மறுநாள் கடையிலிருந்து புது ஆக்சில் இரண்டும், எண்ணெய் ஒழுகாமல் இருக்க ஆக்சில் வாயில் போடுகிற ரப்பர் சீல் இரண்டும் வந்து இறங்கின. வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பானட்டின்மேல் வைத்துவிட்டு மூவரும் கைகட்டி நின்றார்கள். அந்தப் பக்கம் நாதஸ்வரத்துக்கு நடுவே அண்ணாச்சி கத்தினார்.

“மொதல்ல சீல் வாயில தூசி விழக்கூடாது. மேல மறைப்பா ஏதாவது கட்டிக்குங்க.”

மறைப்புக் கட்டுவது பற்றிப் பந்தல்காரனுக்குப் பாடம் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் வாசலில் நாலு கால் பந்தல் எழுந்தது. மேலே வெள்ளைத் துணி, சுற்றிலும் கொசுவம் வைத்த ஜாலர், முகப்பில் வளைவு. சீரியல் லைட் வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். “லைட் இல்லன்னா அது பந்தல் இல்ல தாயி, மாட்டுக்கொட்டகை” என்றுவிட்டார் மிக்கேல்.

“கட்டியாச்சு அண்ணாச்சி.”

“இனி ஜாக்கி போட்டுத் தூக்குங்க. வெறுந் தரையில போடாதீங்க, மண்ணுல புதைஞ்சிரும். அடியில பலகை வைங்க.”

“எவ்வளவு கனத்துக்கு?”

“ஒரு கதவு கனத்துக்கு இருந்தாப் போதும்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார்கள்.

“குளியலறைக் கதவு தகரம். ஆகாது” என்றான் லாசர்.

“அடுக்களைக் கதவு பிளைவுட்டுண்ணே” என்றான் ராயப்பன்.

“பீரோ கதவு?”

“அதுல கண்ணாடி இருக்குலே. காருக்கு அதோட அடிவயிறு தெரிஞ்சா நல்லாருக்காது” என்றார் மிக்கேல்.

கடைசியில் மிக்கேல் வாசல் கதவை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். தலையாட்டினார்.

ஜெசிந்தா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திடீரென்று வீட்டுக்குள் ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று வெளியே வந்து பார்த்தால், வாசல் இருக்கிறது, கதவைக் காணோம். இரண்டு கதவும் மல்லாந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு ஜாக்கி. ஜாக்கிகள்மேல் கார்.

“என் கதவு” என்றாள். 

“எங்க போகப்போவுது ஜெசி? வேலை முடிஞ்சு காரை இறக்கினதும் எடுத்து மாட்டிருவோம்.”

“ராத்திரிக்குள்ள முடியுமா?”

“அதெல்லாம் அண்ணாச்சி கையில.”

ஆக, ஜெசிந்தாவுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்தது. ஆக்சில் ஏறினால்தான் கார் இறங்கும். கார் இறங்கினால்தான் கதவு வரும். கதவு வந்தால்தான் அவள் தூங்குவாள். சூரியனைப் பார்த்தாள். அது அவளுக்காக நிற்கிற மாதிரித் தெரியவில்லை.

“இனிதான் முக்கியம்” என்றது போன். “சக்கரத்து நடுவுல பெரிய நட்டு இருக்கும். அதைக் கழட்டும்போது சக்கரம் சுத்தும். அதனால ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க. நான் சொல்லுத வரைக்கும் காலை எடுக்கக் கூடாது.”

ராயப்பன் ஏறி உட்கார்ந்து மிதித்தான்.

“பிறவு ஆயிலைச் சுத்தமா வடிச்சிட்டு, ஆக்சிலை நெம்பி எடுங்க. கழட்டுனதையெல்லாம் வரிசையா அடுக்கி வைங்க. கடைசியில அதே வரிசைக்குத் தலைகீழா, கழட்டுனதை அப்படியே திரும்ப மாட்டிரணும். ஒரு சாமான் மிஞ்சக்கூடாது. புரியுதா? சரி, இங்க பந்திக்குக் கூப்பிடுதாவ—”

போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டார்கள், எடுக்கவில்லை.

நட்டு கழன்றது. “காலை எடுலே” என்றார் மிக்கேல்.

“நீங்க சொன்னா எப்படிண்ணே? அண்ணாச்சில்லா சொல்லணும்.”

மிக்கேல் யோசித்தார். “அதுவும் சரிதான். மிதி.”

அடுத்து ஆயில். கீழே பந்தலுக்கு வாடகைக்கு விடுகிற பிரியாணி அண்டாவை வைத்தார்கள். சுத்தமாக வடியணும் என்று உத்தரவு. அதனால் மிக்கேலும் லாசரும் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயில் முதலில் கம்பியாக வந்தது. பிறகு சொட்டாயிற்று. பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம் போலிருந்தது.

“நின்னுட்டுன்னு நினைக்கேன்” என்பான் லாசர்.

சொட்.

“நீ பேசினதாலதான் விழுந்துச்சு” என்பார் மிக்கேல்.

எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்கா எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணிப் பந்தல். கன்னத்தில் கையோடு இரண்டு ஆண்கள். கழற்றி வைத்த வாசல் கதவு. நிலையில் சாய்ந்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு, கண் சிவந்து நிற்கிற ஜெசிந்தா. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

“மிக்கேலு, என்னய்யா ஆச்சு?”

“வலது பக்கம் போயிட்டுக்கா. இடது பக்கமும் தாங்காதுன்னு சொல்லிட்டாவ.”

“ஏசுவே. முன்னாடியே தெரியலையா?”

“ராத்திரில சத்தம் போட்டுச்சு. நாங்கதான் கள்ளன்னு நினைச்சிட்டோம். இப்ப பாருங்க, உள்ள இருக்கதெல்லாம் ஒழுகிக்கிட்டு இருக்கு.”

அக்கா காருக்குள் பார்த்தாள். ராயப்பன் ஒரு காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு, கண் சிமிட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இந்த வயசுலயா” என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவள், கஞ்சியோடு திரும்பி வந்து ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தாள். காலை எடுக்கக் கூடாது என்றுதான் உத்தரவு, வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லவில்லை. ராயப்பன் முழுவதையும் குடித்தான். ஊறுகாய் இருக்கிறதா என்றும் கேட்டான். “ஆசைப்பட்டுக் கேக்குதான்” என்று அக்கா இன்னும் அழுதாள்.

“அக்கா, அவருக்கு ஒண்ணுமில்லக்கா” என்றாள் ஜெசிந்தா.

“நீ மனசத் தளரவிடாத மகளே” என்றாள் ரஞ்சிதம் அக்கா.

வெயில் சாய்ந்தபோதுதான் கடைசிச் சொட்டு விழுந்தது. நெம்புவதற்குக் கம்பி எங்கே என்று தேடினார்கள். கதவு இல்லாத வீட்டில் கதவுக் கட்டை எதற்கு என்று லாசர்தான் கேட்டான். அன்று முழுக்க அவன் யோசித்த ஒரே யோசனை அது. பூவரசங்கட்டையைச் செருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். ஆக்சில் வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. கட்டை இரண்டாக முறிந்தது. ஜெசிந்தாவுக்குத் தன் விலா எலும்பே முறிந்த மாதிரி இருந்தது.

“ஏங்க, இருட்டுது.”

“இந்தா, மாட்டிருவோம் ஜெசி.”

கழற்றியதையெல்லாம் தரையில் வரிசையாக அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து ஜெசிந்தாவுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கடைசியில் கழற்றியதை முதலில், முதலில் கழற்றியதைக் கடைசியில் என்று ஒன்றுவிடாமல் மாட்டினார்கள். அண்டாவிலிருந்த ஆயிலைக்கூட வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். ஒரு சாமான் மிஞ்சவில்லை.

“சோதிச்சுப் பாத்திருவோம்” என்றார் மிக்கேல். கார் தரைக்கு இறங்கியது. ராயப்பன் இடது கையால் சாவியைத் திருகினான். மிக்கேல் வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. பிரேக்கில் ராயப்பனின் கால் இருந்ததால் கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகராத காரில் சத்தமும் வரவில்லை.

“கேட்டியா?” என்றார் மிக்கேல்.

“ஒண்ணும் கேக்கலையே.”

“அதான். சரியாப் போச்சு.”

லாசரின் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் கதவுகளைத் தூக்கிக் கீலில் மாட்டினார்கள். கதவுகளில் ஜாக்கி அழுந்திய பள்ளம் இருந்தது. ஜெசிந்தா அதைத் தடவிப் பார்த்தாள். கதவு கதவாக நிற்கிறதே, அது போதும்.

“கட்டைக்கு என்ன செய்ய?” என்றாள்.

“அதுக்குத்தான் இருக்கே தாயி” என்று மிக்கேல் ஓர் இரும்புத் தண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெசிந்தா அதை வளையத்துக்குள் செருகிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி போய் உட்கார்ந்தது. பழைய கட்டையைவிடக் கனத்த ‘டொக்’. அவளுக்கு உடம்பெல்லாம் இளகிற்று.

பிறகுதான் உற்றுப் பார்த்தாள். தண்டு புத்தம் புதிதாக மின்னியது. இரண்டு முனையிலும் ரப்பர் உறை. கிரீஸ் வாசம். கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க. இது என்ன?”

“புது ஆக்சில்” என்றான் லாசர். “இன்னொண்ணு அடுக்களைக் கதவுக்கு.”

“அப்ப காருல இருக்கது?”

“பழசு. கழட்டுனதை அப்படியே திரும்ப மாட்டணும்னு அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா? கழட்டுனது பழசுதான?”

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பி மேசையைப் பார்த்தாள். அவளுடைய காபி டம்ளர் ஒரு புது ரப்பர் சீலின்மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. லாசரின் டம்ளர் இன்னொன்றின்மேல்.

அவள் வாயைத் திறந்தாள். திரும்ப எல்லாவற்றையும் கழற்றச் சொல்லலாம். சொன்னால் ஜாக்கி வேண்டும். ஜாக்கி என்றால் பலகை வேண்டும். பலகை என்றால்—

வாயை மூடிக்கொண்டாள்.

மிக்கேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: “யோசிச்சுப் பாரு தாயி. புதுசு போட்டா காரு சத்தமில்லாம வரும். சத்தமில்லாம வாரவன் யாரு? கள்ளன். சத்தம் போட்டுட்டு வந்தா நாங்க. இனிமே ராத்திரில கடக் கடக்னு கேட்டா மட்டும் கதவைத் திற. வேற எந்தச் சத்தத்துக்கும் திறக்காத. யார் வந்து என்ன சொன்னாலும் சரி.”

“நீங்களே வந்து சொன்னாலும்?”

“நானே வந்து சொன்னாலும்.”

அப்போதுதான் வெளியே காரில் போன் அடித்தது. மதுரையில் பந்தி முடிந்து, பால் பாயசம் முடிந்து, ஒரு தூக்கமும் முடிந்து அண்ணாச்சி எழுந்திருந்தார். “இன்னுமாலே மிதிச்சிட்டு இருக்க? காலை எடு” என்று அவர் சொன்னது வீட்டுக்குள் வரை கேட்டது.

ராயப்பன் காலை எடுத்தான்.

மேட்டுத்தெருவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கார் பின்பக்கமாக மெல்ல நகர்ந்து, பந்தல் துணியைத் தலையில் இழுத்துக்கொண்டு, ஜாலர் ஆட, வளைவும் கூடவே வர, தெருவில் இறங்கித் திரும்பியது. கடக். கடக். கடக். வீட்டுப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ சப்பரம் போகிறது என்று எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரஞ்சிதம் அக்கா மட்டும், “ராயப்பனைக் கொண்டுபோறாவளே” என்று குரல் கொடுத்தாள்.

லாசரும் மிக்கேலும் இரும்புத் தண்டை உருவிப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள்.

“பிரேக்கை மிதிலே.”

“அண்ணாச்சி மிதிக்கச் சொல்லலையே” என்ற குரல் பள்ளத்திலிருந்து வந்தது.

தெரு முடிகிற இடத்தில் செம்மணல் குவிந்து கிடக்கிற தேரி. கார் அதில் போய்ப் பாதிச் சக்கரம் புதைந்து, யாருக்கும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றுகொண்டது.

வெகுநேரம் கழித்து மூவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. லாசர் தட்டினான்.

“ஜெசி, நாங்கதான்.”

உள்ளே காலடி கதவருகே வந்தது. “சத்தம் கேக்கலையே” என்றாள் ஜெசிந்தா.

“காரு மணல்ல நிக்கி. நடந்து வந்திருக்கோம்.”

“பெரியத்தான் சொல்லியிருக்காவ. கடக் கடக்னு கேட்டாத்தான் திறக்கணும். யார் வந்து என்ன சொன்னாலும் திறக்கக் கூடாதுன்னு.”

வாசலில் மூவரும் யோசித்தார்கள்.

“நியாயம்தான்” என்றார் மிக்கேல். “சொன்ன பேச்சைக் கேக்குற புள்ள.”

“இப்ப என்னண்ணே செய்ய?”

“கேக்கணும்னா கேக்கவைப்போம். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க.”

“கடக், கடக், கடக்” என்றார்கள் மூவரும்.

“அது திரும்பும்போதுதான் வரும்” என்றாள் உள்ளேயிருந்து.

அதையும் மிக்கேல் ஒத்துக்கொண்டார். மூன்று பேரும் வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்று, வட்டமாகத் திரும்பத் தொடங்கினார்கள். கடக், கடக், கடக். ராயப்பன் மட்டும் ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு சுற்றினான். அது இன்னும் மடங்கவில்லை.

ஜெசிந்தா கதவிடுக்கில் கண்ணை வைத்து ஒரு சுற்று பார்த்தாள். தோளில் பிள்ளை அந்தச் சத்தத்துக்குக் கண் செருகித் தூங்கிப்போயிருந்தது. வாசலில் காவலுக்கு மூன்று ஆம்பிளைகள். இன்றைக்கு எந்தக் கள்ளன் வருவான்? பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, தரையில் கிடந்த புது ஆக்சிலை எடுத்து, கடைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வளையங்களுக்குள் கடைசிவரை தள்ளினாள்.

டொக்.